தாயின் பெயர் என்னும் திறவுகோல்

சுமார் 15 ஆண்டுகளுக்கு முன்பு, கைத்தொலைபேசி இந்தோனேசியாவின் மூலைமுடுக்குகளையெல்லாம் எட்டிவிட்ட காலத்தில், அந்நாட்டு ஜனங்களில் ஏராளமானோருக்கு முன்பின் அறியாத எண்களிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது. தாய் தன் பிள்ளைக்கு எழுதுவது போன்ற செய்தி அது. தான் ஓர் இக்கட்டில் அகப்பட்டிருப்பதாகவும், இந்தப் புதிய எண்ணுக்கு உடனே ரீசார்ஜ் செய்து அனுப்பவேண்டும் என்றும், இப்போது கூப்பிடவேண்டாம், விவரத்தைப் பிற்பாடு சொல்கிறேன் என்றும் அதில் கண்டிருக்கும். பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் மறுயோசனை இன்றி அருகிலிருந்த கடைக்குச் சென்று பணம் கட்டினார்கள். கட்டிய பணம் எவனோ ஒரு வஞ்சகனுடைய தொலைபேசியில் போய்ச் சேர்ந்தது. அங்கே ரீசார்ஜ் தொகையை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றலாம், விற்றுக் காசாகவும் ஆக்கலாம். "மாமா மிந்தா புல்சா" என்பது அந்த மோசடிக்கு ஊரார் வைத்த பெயர். அந்த மொழியில் 'மாமா' என்றால் அம்மா. 'மிந்தா' என்றால் கேட்பது. 'புல்சா' என்பது தொலைபேசியில் போடும் தொகை. அம்மா ரீசார்ஜ் கேட்கிறாள் என்ற அந்த மூன்று சொற்களும் தேசம் முழுவதும் பாலருக்கும் தெரிந்த வாசகமாயின.

வஞ்சகர்கள் தந்தையின் பெயரால் எழுதியிருக்கலாம். வங்கி அதிகாரியின் பெயராலோ போலீஸ்காரரின் பெயராலோ எழுதியிருக்கலாம். பிற்காலத்தில் அப்படியெல்லாம் எழுதவும் செய்தார்கள். ஆனால் முதன்முதலில் அவர்கள் கைக்கு எளிதாக அகப்பட்டது தாயின் குரல்தான். தாய் ஒன்றைக் கேட்டால் ஏன், எதற்கு என்று விசாரியாமல் செய்து முடிப்பது அந்தச் சமூகத்தில் நல்ல பிள்ளைக்கு லக்ஷணம். அந்த நல்ல குணத்தையே திருடர்கள் குறிவைத்தார்கள் என்பதை எண்ணும்போது, கொள்ளை போன தொகை சொற்பமாயிற்றே என்று என்னால் சமாதானம் கொள்ள முடியவில்லை.

இந்தோனேசிய மொழியில் தாய்க்கு 'இபு' என்று பெயர். பெற்றவளை மட்டும் குறித்து நின்றுவிடும் சொல் அன்று அது. பள்ளிக்கூடத்து ஆசிரியை, சந்தையில் கீரை விற்கும் மூதாட்டி, அரசாங்கத்தின் பெண் அமைச்சர், பக்கத்து வீட்டுப் பெண்மணி ஆகிய அனைவரையும் மரியாதையாக விளிக்க வேண்டுமானால் 'இபு' என்றே விளிக்க வேண்டும். அவசரத்தில் அது 'பு' என்று குறுகும். தேசத்தின் தலைநகருக்கு 'இபு கோத்தா' என்று பெயர். அந்தக் 'கோத்தா' நம்முடைய கோட்டைக்கு உறவுடைய சொல். கட்டைவிரல் 'இபு ஜாரி', அதாவது விரல்களின் தாய். தாய்நாட்டை 'இபு பெர்த்திவி' என்பார்கள். பெர்த்திவி என்பது பிருத்வியே. இஸ்லாம் பெரும்பான்மையான சமயமாக விளங்கும் அத்தேசத்தின் பேச்சில் சமஸ்கிருதத்தின் சுவடுகள் இவ்வளவு நெருக்கமாகப் பதிந்து கிடப்பது தமிழ் வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். தாயின் பாதத்தடியில் சொர்க்கம் இருக்கிறது என்று அங்கே குழந்தைகளுக்குப் போதிக்கிறார்கள். நபிகள் நாயகத்தின் உபதேசமாகப் போற்றப்படும் அக்கருத்தைச் சொல்லும்போது சொர்க்கத்திற்கு அவர்கள் பயன்படுத்தும் சொல் 'சுர்கா', நமது ஸ்வர்க்கந்தான். பெற்றோரிடம் பிள்ளைகள் காட்டவேண்டிய பணிவுக்கு 'பக்தி' என்றே பெயர். தாய்க்குத் தீங்கிழைத்த மகன் 'துர்ஹாகா', துரோகி. மறைத்து வைக்கப்படும் செய்தி 'ரஹாசியா'. இந்தக் கடைசிச் சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

துர்ஹாகா என்னும் சொல்லைக் கேட்டதும் அந்நாட்டவர் நினைவுக்கு வருவது மாலின் குண்டாங்கின் கதை. மேற்கு சுமத்ராவில், பாடாங் நகரத்தை அடுத்த ஆயர் மானிஸ் கடற்கரையில் நடந்ததாக அது சொல்லப்படுகிறது. ஏழைத் தாயை விட்டுக் கப்பலேறிச் சென்று, பெரும் செல்வனாகி, மனைவியோடு ஊர் திரும்பிய மகன், கந்தலுடுத்து ஓடிவந்த கிழவியைத் தன் தாயென்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு விரட்டினான்; அவள் சபித்தாள்; கப்பலும் அவனும் கல்லாய்ப் போயினர். மண்டியிட்டுக் கவிழ்ந்து கிடக்கும் மனித உருவத்தைப் போன்ற ஒரு பாறை இன்றைக்கும் அந்தக் கரையில் இருக்கிறது. தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதைக் காட்டுகிறார்கள். அந்தப் பிரதேசத்தில் வாழும் மினாங்கபாவ் மக்களிடையே குலமும் பூர்வீகச் சொத்தும் தாய்வழியாகவே இறங்குகின்றன என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஜாவாவிலோ, ரம்ஜான் நோன்பு முடிந்த பெருநாளில், நகரங்களில் பிழைக்கச் சென்ற கோடிக்கணக்கானோர் ரயிலிலும் கப்பலிலும் மோட்டார் சைக்கிளிலுமாகச் சொந்த ஊருக்குத் திரும்பி, தாய் தந்தையர் முன் மண்டியிட்டு, அவர்கள் முழங்காலில் தலை வைத்து, சென்ற ஆண்டின் பிழைகளைப் பொறுக்குமாறு வேண்டுகிறார்கள். 'சுங்கெம்' என்பது அந்த வணக்கத்தின் பெயர்.

தாய்மைக்கு அங்கே அரசியல் கௌரவமும் உண்டு. 1928 டிசம்பர் 22ஆம் தேதி ஜோக்ஜகார்த்தாவில் கூடிய முதலாவது பெண்கள் மகாநாட்டின் நினைவாக, அதே தேதியை அன்னையர் தினமாக 1959இல் ஜனாதிபதி சுகர்னோ பிரகடனம் செய்தார். கல்வியும் விவாக உரிமையும் வேண்டிக் கூடிய பெண்களின் நாள் அது. பின்னர் வந்த சுகார்த்தோவின் ஆட்சியிலே அதன் நிறம் மாறியது. அரசாங்க ஊழியர்களின் மனைவியரைச் சேர்த்து 'தர்ம வனிதா' என்னும் ஸ்தாபனம் 1974இல் அமைக்கப்பட்டது. அதில் ஒரு பெண்ணின் ஸ்தானம் அவளுடைய கணவனின் பதவியைப் பொறுத்தது. பெண்ணை 'இபு' என்று போற்றிக்கொண்டே அவளைக் கணவனுக்கும் ராஜ்யத்துக்கும் அடங்கியவளாக நிறுத்திய அந்தக் கொள்கைக்கு, எழுத்தாளரும் ஆராய்ச்சியாளருமான ஜூலியா சூர்யகுசுமா 'ராஜ்ய இபுயிசம்' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். மரியாதைச் சொல் ஒரு பெண்ணின் சொந்தப் பெயரை மூடிவிடக் கூடும் என்பதற்கு அந்த ஆட்சி ஒரு சாக்ஷி.

சொந்தப் பெயர் மூடப்படுவது ஆட்சியாளரால் மட்டும் நேர்ந்ததன்று. வீட்டு வழக்கத்திலேயே அதற்கு வேர் உண்டு. பெற்றவளைப் பிள்ளைகள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அண்டை அயலார் இன்னாருடைய அம்மா என்றோ, கணவன் பெயரோடு 'பு' சேர்த்தோ, பதவியைக் கொண்டோ கூப்பிடுகிறார்கள். நம் வீடுகளில் பாட்டியின் இயற்பெயர் பேரப்பிள்ளைகளுக்கு எத்தனை காலம் கழித்துத் தெரிய வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். குடும்பப் பெயர் என்னும் வழக்கம் பலரிடம் இல்லாத தேசம் அது. சுகர்னோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயர்க்காரர்களே. ஆகவே ஒரு மனிதனின் பெயரைக் கொண்டு அவன் தாயின் பெயரை யூகிக்க வழியே இல்லை. மரியாதையினாலேயே அந்தப் பெயர் வெளியுலகத்தின் காதில் விழாமல் இருந்தது. உண்மையிலேயே அது ஒரு ரஹாசியா.

வங்கிகள் இதைப் பயன்படுத்திக்கொண்டன. கணக்குத் தொடங்குவோர் நிரப்பவேண்டிய படிவத்தில் 'நாமா இபு கான்டுங்', அதாவது பெற்ற தாயின் பெயர், என்ற கட்டம் இடம்பெற்றது. அட்டை தொலைந்துவிட்டது, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தால், அழைப்பவர் மெய்யான கணக்குடையவர்தானா என்று அறியப் பிறந்த தேதியோடு தாயின் பெயரையும் கேட்பார்கள். பல தேசங்களில் உள்ள வழக்கந்தான் இது. ஆனால் தாயின் பெயர் நாவில் வராத தேசத்தில் அது மிகவும் பொருத்தமான பூட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். நெருங்கிய பந்துக்களைத் தவிர வேறு எவரும் அறியாத ஒன்றைச் சொல்பவன் உரியவனாகத்தானே இருப்பான் என்ற நம்பிக்கை, காகிதங்கள் அலமாரிகளில் உறங்கிய காலத்தில் பிழையானதென்று சொல்வதற்கில்லை.

பிழை எங்கே புகுந்தது என்றால், அதே பெயரை அரசாங்கமும் வேறு காரியத்துக்காக எழுதி வைத்துக்கொண்டு வந்ததில். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்ப அட்டை உண்டு. அதில் ஒவ்வோர் உறுப்பினரின் வரிசையிலும் தகப்பனார் பெயரும் தாயார் பெயரும் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு பிரஜைக்கும் 16 இலக்க அடையாள எண் உண்டு. அந்த எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பதிவு செய்த இடத்தையும், அடுத்த 6 இலக்கங்கள் பிறந்த தேதியையும் காட்டும். பெண்ணானால் தேதியோடு 40 கூட்டப்படும். 5ஆம் தேதி பிறந்த பெண்ணின் எண்ணில் 45 என்றிருக்கும். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் ஊரும் வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துபோகும். அதனுடன் குடும்ப அட்டையின் விவரமும் சேர்ந்தால் தாயின் பெயரும் கைக்கு வந்துவிடும். தாளில் இருந்த இவையெல்லாம் கணினிக்குள் ஏறின. ஏறியவை பல காரியாலயங்களுக்கும் கம்பெனிகளுக்கும் பிரதி செய்யப்பட்டன.

2017 அக்டோபர் 31 முதல், முன்பணத் தொலைபேசி எண் வைத்திருப்போர் அனைவரும் அடையாள எண்ணையும் குடும்ப அட்டை எண்ணையும் 4444 என்ற எண்ணுக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. 'மாமா மிந்தா புல்சா' போன்ற மோசடிகளை ஒழிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அந்தச் சமயத்தில் தாயின் பெயரையும் கொடுக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. எழுந்தவுடன் ஜனங்களிடையே பெருங்கலக்கம் உண்டாயிற்று. வங்கிக் கணக்கின் திறவுகோலைத் தொலைபேசிக் கம்பெனிக்குக் கொடுப்பதா என்று கேட்டார்கள். தாயின் பெயர் வேண்டியதில்லை என்று அமைச்சகம் தெளிவுபடுத்தியது. சாதாரண மக்களுக்கு இந்த விஷயத்தில் எவ்வளவு நுட்பமான விவேகம் இருந்தது என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

அவர்களுடைய அச்சம் வீண் போகவில்லை. 2020இல் ஒரு பெரிய இணைய அங்காடியின் 9 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுடைய விவரங்கள் களவுச் சந்தைக்கு வந்தன. 2021 மே மாதத்தில் தேசிய சுகாதாரக் காப்பீட்டு ஸ்தாபனத்தின் பதிவுகளென்று சொல்லி 27 கோடியே 90 லட்சம் பேருடைய விவரங்களை ஒருவன் விலை கூறினான். அதற்கு முந்திய ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் அந்நாட்டின் மொத்த ஜனங்களே சுமார் 27 கோடிதான். காலஞ்சென்றவர்களின் பதிவுகளும் அதில் அடங்கியிருந்தன என்றால், அடக்கமாகிவிட்ட தாய்மார்களுக்கும் அந்தரங்கம் மிஞ்சவில்லை என்றுதானே பொருள். 2022இல் 'பியோர்கா' என்ற புனைபெயருடைய ஒருவர் தொலைபேசிப் பதிவுகள் 130 கோடியும் வாக்காளர் பதிவுகள் 10 கோடிக்கு மேலும் தம்மிடம் இருப்பதாக வெளியிட்டார். அவர் சொன்னது மெய்யானால், 2017இல் திருடர்களைப் பிடிப்பதற்கென்று சேகரித்த தொலைபேசிப் பதிவுகளே இவ்வாறு திருடர்களுக்கு உணவாயின. 2023 ஜூலையில் குடிமைப் பதிவேட்டிலிருந்து எடுத்தவை என்று 33 கோடிக்கு மேற்பட்ட வரிகள் விற்பனைக்கு வந்ததாகச் செய்தி பரவியது. தாய் தந்தையர் பெயர்களும் அதில் இருந்தனவாம். தங்களிடமிருந்து கசியவில்லை என்று பதிவுத் துறை மறுத்தது. 2024 ஜூன் 20ஆம் தேதி தற்காலிகத் தேசியத் தரவு மையம் தாக்கப்பட்டு, விமான நிலையங்களில் குடிவரவு வரிசைகள் ஸ்தம்பித்தன. 80 லட்சம் டாலர் பணயம் கேட்கப்பட்டது. அரசாங்கம் கொடுக்க மறுத்தது.

கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். தாயின் பெயரை எவரும் மாற்ற முடியாது. ஒரு முறை வெளிப்பட்டுவிட்டால் அந்த மனிதனின் ஆயுள் முழுவதும் அது வெளிப்பட்டதே. அவனுக்கு மட்டுமா? கூடப் பிறந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதே பெயர்தான் பூட்டு.

பெயரைக் காட்டிலும் கொடிய முறையில் தாயைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. இணையவழிக் கடனை அங்கே 'பின்ஜோல்' என்கிறார்கள். உரிமம் பெறாமல் இயங்கிய செயலிகள், கடன் கேட்பவன் அவற்றைத் தொலைபேசியில் ஏற்றிய கணத்திலேயே அவனுடைய தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் அள்ளிக்கொண்டன. தவணை தவறினால் வசூல்காரர்கள் அவனை மட்டும் அழைப்பதில்லை. அலுவலகத் தோழர்கள், ஊர்க்காரர்கள், எல்லாருக்கும் முன்னதாகத் தாய் என்று வரிசையாக அழைத்து அவமானப்படுத்துவார்கள். ஆபாசமாகத் திரித்த படங்களையும் அனுப்புவார்கள். தாயின் கண்ணீருக்குக் காரணமாவதைப் பாவங்களில் பெரியதாக எண்ணும் சமூகத்தில் கடனாளியின் எந்த நரம்பைப் பிடித்தால் அவன் துடிப்பான் என்பது அவர்களுக்குத் தெரியும். 2021 அக்டோபரில் ஜனாதிபதி ஜோக்கோ விடோடோவின் கட்டளையின்பேரில் போலீசார் பல நகரங்களில் அந்த வசூல் கூடங்களைச் சோதனையிட்டுப் பலரைக் கைது செய்தார்கள். உரிமம் பெற்ற செயலிகள் காமரா, மைக்ரோபோன், இருப்பிடம் ஆகிய மூன்றை மட்டுமே அணுகலாம், தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்பது நிதிச் சேவை ஆணையத்தின் விதி. நல்ல விதி, உரிமமே இல்லாதவனை அது கட்டுப்படுத்தாது.

தாயை இவ்வளவு போற்றும் தேசத்தின் சட்டம், தாயாகிய பெண் மின்னணு உலகில் அநீதிக்கு உள்ளானபோது எப்படி நடந்துகொண்டது? 2008இல் ப்ரிதா முல்யாசாரி என்ற பெண்மணி, தாம் சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியைப் பற்றிய மனக்குறையைச் சில சிநேகிதர்களுக்கு மின்னஞ்சலில் எழுதினார். அந்தரங்கமாக எழுதிய கடிதம் கைமாறிப் பரவியது. மானநஷ்டக் குற்றம் சாட்டப்பட்டு, இரண்டு சிறு குழந்தைகளின் தாயான அவர், 2009இல் சுமார் மூன்று வாரம் தாங்கெராங் சிறையில் வைக்கப்பட்டார். நஷ்டஈடாக 20 கோடி ரூபியாவுக்கு மேல் கட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஜனங்கள் சில்லறை நாணயங்களாகவே அதைத் திரட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் தெருவோர வியாபாரிகளும் உண்டியலை உடைத்துக் கொடுத்தது, விதித்த தொகையை வெகுவாக விஞ்சியது. 2012இல் உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனையில் அவரை நிரபராதி என்று விடுவித்தது.

லொம்போக் தீவைச் சேர்ந்த பைக் நூரிலின் கதை இன்னும் வேதனையானது. பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஊழியம் பார்த்த அவர், மூன்று குழந்தைகளின் தாய். மேலதிகாரி தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதைத் தம்மைக் காத்துக்கொள்ளவேண்டிப் பதிவு செய்து வைத்தார். அந்தப் பதிவு வேறொருவர் கைக்குப் போய்ப் பரவியது. கீழ்க்கோர்ட்டு அவரை விடுதலை செய்தும், 2018இல் உச்ச நீதிமன்றம் 6 மாதச் சிறையும் 50 கோடி ரூபியா அபராதமும் விதித்தது. ஆபாசமாகப் பேசியவருக்குத் தண்டனை இல்லை, கேட்டவருக்குத் தண்டனை. பெரும் கிளர்ச்சிக்குப் பிறகு 2019 ஜூலையில் பாராளுமன்றத்தின் சம்மதத்தோடு ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு என்ற பெயரில் நியாயம் கிடைக்கவேண்டியிருந்தது என்பதை இன்றும் என் மனம் ஒப்பவில்லை. மின்னணு வழியாகப் பெண்ணின் மானத்தைக் கெடுப்பதைக் குற்றமாக்கும் பாலியல் வன்கொடுமைச் சட்டம் 2022இல்தான் வந்தது.

அதே ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது: 2022ஆம் ஆண்டின் 27ஆவது சட்டம். பிறர் விவரங்களை முறைகேடாகக் கைப்பற்றினால் 5 ஆண்டு வரை சிறையும் 500 கோடி ரூபியா வரை அபராதமும் அதில் உண்டு. விவரம் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் உரியவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தயார் செய்துகொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் தந்தார்கள். 2024 அக்டோபரில் அவகாசம் முடிந்தபோது, சட்டத்தை நடத்தவேண்டிய மேற்பார்வை ஸ்தாபனம் அமைந்திருக்கவில்லை. சட்டத்தின் வாசகத்திலேயே ஒரு குறையையும் காண்கிறேன். விசேஷப் பாதுகாப்புக்கு உரியவை என்று அது உடல்நல விவரம், கைரேகை போன்ற உடல் அடையாளங்கள், மரபணு விவரம், குற்றப் பதிவு, குழந்தைகளின் விவரம், பண விவரம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பண விவரத்தைத் திறக்கும் சாவியாக வழங்கிவரும் தாயின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

சாவியை மாற்றுவது அரிதான காரியம் அன்று. அடையாளத்தைச் சோதிக்க வேறு வழிகள் வங்கிகளிடம் எவ்வளவோ உண்டு. அவற்றைப் பயன்படுத்தவும் தொடங்கியிருக்கிறார்கள். தாயின் பெயரைப் பதிவேட்டில் வைப்பதில் குற்றமில்லை. தொலைபேசியில் அதைக் கேட்டு, பதில் சரியாயிருந்தால் கணக்கைத் திறந்துவிடும் வழக்கத்தையே கைவிட வேண்டும். வருஷந்தோறும் டிசம்பர் 22ஆம் தேதி அன்னையர்க்குப் பூங்கொத்து வாழ்த்து அனுப்பும் வங்கிகள், ஒரு வருஷம் அந்த நாளில் இதைச் செய்வதாக அறிவிக்கலாம்.

இந்த வழக்கம் நம் தேசத்து வங்கிகளிலும் உண்டு. இதைப் படிப்பவர்களில் எவரேனும் தம் கணக்கின் பாதுகாப்புக் கேள்விக்கு விடையாகத் தாயாரின் பெயரைக் கொடுத்திருந்தால், நாளைக் காலையே வேறொன்றைக் கொடுத்து மாற்றிவிடும்படி மிகவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.